பதினோரு வீடுகள்

எனக்குப் பொறுமை கிடையாது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் சுர்ரென்று கோபம் வந்துவிடும். அப்படிப்பட்டவள் அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் ஓர் அறையில் கம்ப்யூட்டர் கேம் வேலையில் மாட்டினேன். நானும் கச்சால் தீவிலிருந்து வந்த ஒரு பெண்ணும்தான் மொத்த ஆபீசும். சென்னைக் கம்பெனி ஒன்றின் கேம்களுக்கு மரம், படகு, வீடு என்று கேட்டதையெல்லாம் வரைந்து கொடுப்போம்.

ஒரு கேமுக்கு வரைந்த படகு அடுத்த கேமுக்கும் ஆகும். ஆனால் அது எங்கே? "படகு புதுசு", "படகு கடைசி", "படகு நிஜமாவே கடைசி" என்று கண்ட கண்ட ஃபோல்டரில் கிடக்கும். தேடுகிற நேரத்தில் இன்னொன்றை வரைந்துவிடுவோம். ஒரே தென்னைமரத்தை நான்கு தடவை வரைந்திருக்கிறேன், சனியன்!

எங்கள் ஊர் நெட்டில் அந்த ஃபைல்கள் நகரவே நகராது. அதனால் இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்திருந்தோம். ஒன்று எங்களிடம் இருக்கும். மற்றது மெயின்லேண்ட் போகிற யாராவது ஒருவர் கையில் கப்பலேறும். கம்பெனிக்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அழித்துக் காலி டிஸ்காகத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு நாள் அவள் லீவு. பொறுத்தது போதும் என்று உட்கார்ந்தேன். எல்லா கேமுக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர், ஒரு பொருளுக்கு ஒரே ஃபைல், பார்த்ததும் புரிகிற பெயர். ஒரு தகரக் கூரை வீடு மட்டும் பதினோரு ஃபைலாக இருந்தது. கேமில் வந்த முதல் வீட்டை வைத்துக்கொண்டு பத்தையும் அடியோடு அழித்தேன். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் ஃபோல்டரைத் திறந்தவள் மேலும் கீழும் தேடினாள்.

"அக்கா, மத்த வீடெல்லாம் கிதர்? எங்க போச்சு?"

"எல்லாம் ஒண்ணுதானேடி. எதுக்குப் பதினொண்ணு?"

"ஒண்ணு இல்லக்கா. அது எங்க வீடு."

சுனாமி கொண்டுபோன வீடு. அம்மாவையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. கேமுக்காக அதை வரைந்தவள், பிறகு ஏதாவது ஞாபகம் வரும்போதெல்லாம் அதைச் சேர்த்துப் புது ஃபைலாக வைத்திருக்கிறாள். மூன்றாவதில் கிணறு, ஏழாவதில் அடுப்படி. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மற்ற டிஸ்க் அப்போது கப்பலில் இருந்தது. பழைய ஃபைல்கள் அதில் உண்டு. கம்பெனிக்குப் போன் போட்டு, "எதையும் அழிக்காம அப்படியே திருப்பி அனுப்புங்க" என்றேன். சரி என்றார்கள். நம்பிக்கை வரவில்லை. கப்பல் கடலில் இருந்த நாளெல்லாம் போன் போட்டேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. மின்னி பே கடற்கரை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடியும் போன்.

"சோடோ அக்கா, விடுங்க, வந்துரும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை, அவள் திட்டவேயில்லை.

டிஸ்க் அழியாமல் திரும்பி வந்தது. பத்து வீடுகள் இருந்தன. பதினோராவது, டிஸ்க் கப்பலேறிய பிறகு அவள் வரைந்தது.

"இன்னொரு தடவை வரைஞ்சுடலாம்டி. அதுல என்ன சேர்த்தே?"

"அடுப்படி ஜன்னல். அம்மா அதுலேருந்துதான் கூப்பிடும்." மவுசை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நகர்த்தினாள். "கிணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா... வரைஞ்சு வச்சாச்சேன்னு இருந்துட்டேன்கா. இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது."

அழிப்பதற்கு முன் அந்தப் பதினோராவது வீட்டை நான் திறந்து பார்த்தேன், எல்லாம் ஒரே வீடுதானா என்று. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கவனிக்கவில்லை.