வேண்டாம் என்று சொல்ல முடியாத ராட்டினம்

போன செவ்வாய்க்கிழமை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினேன். பாதிப் படி ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஏறவும் வரவில்லை, இறங்கவும் வரவில்லை. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

துணியெல்லாம் நனைந்தது. கணவர் வந்து கையைப் பிடித்து இறக்கினார். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்.

உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள்... கொஞ்ச நாளாக இந்தப் பத்தியில் பழைய சங்கதிகளாகவே எழுதுகிறீர்களே, உடம்பு சரியில்லையா என்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஆயுத பூஜை, விஜயதசமி லீவை ஒட்டி வந்த சனிக்கிழமை அது. பாகூர் தாண்டி மணப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஊர். அந்த ஊர் இளைஞர்கள் சேர்ந்து இரண்டு நாள் 'உதவித் திருவிழா' நடத்தினார்கள். முதல் நாள் சிறப்பு விருந்தினர் — நான்! பத்தி எழுதுகிறவளுக்கு இப்படி எப்போதாவது ஒரு யோகம் அடிக்கும். வில்லியனூரிலிருந்து நானும் கணவரும் காரில் கிளம்பினோம்.

யாருக்காக விழா? கலைவாணி என்ற பெண்ணின் குடும்பத்துக்காக. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய கணவர் கொத்தனார். தவளக்குப்பம் பக்கம் ஒரு கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. ஆபரேஷனுக்கு ஊரே சேர்ந்து கைகொடுப்பது என்று முடிவு.

நல்ல காரியம்தானே? மைதானம் முழுக்க ஸ்டால்கள். மணப்பட்டுப் பெண்கள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜி, சுண்டல், வளையம் எறிதல், பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி... வெள்ளைக்கார வேஷத்தில் ஒரு பொடியன் தொப்பியை விட மறுத்து அழுதுகொண்டிருந்தான்.

நுழைவாயிலில் பெரிய பேனர். கட்டிலில் கொத்தனார், பக்கத்தில் தலைகுனிந்தபடி கலைவாணி. அந்த பேனருக்குக் கீழேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நிஜக் கலைவாணியையும் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பேனரைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே போனார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் யு.கே.ஜி. படிக்கிற மகள். எல்லோருக்கும் கும்பிடு போட்டுப் போட்டு ஓய்ந்துபோன முகம்.

விழாவை முன்னின்று நடத்தியவர் சதீஷ். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். துடிப்பான பிள்ளை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் நாலு வார்த்தை பேசினேன். கைதட்டினார்கள். கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன்.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட்" என்றார் சதீஷ்.

மைதானத்தின் கோடியில் ராட்டினம் நின்றது. உயரமான இரும்புச் சக்கரம். சுற்றிலும் தொங்கும் பெட்டிகள். வெளியூர் ஆள் ஒருவர் டீசல் இன்ஜின் வைத்து ஓட்டுகிறார். முதல் சுற்றில் சிறப்பு விருந்தினரும் கலைவாணியும் ஒரே பெட்டியில் ஏறிக் கையசைக்க வேண்டும். பிரான்சில் இருக்கிற ஊர்க்காரர்கள் லைவில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர்கள் மனது வைத்தால் ஆபரேஷன் தள்ளிப்போகாது என்றார்.

எனக்கு உயரம் என்றாலே ஆகாது. அதிலும் முந்தின ராத்திரி பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். கிழக்கே கடல் பக்கம் வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. ஒரு ஏழைக் குடும்பத்துக்காக ஒரு சுற்றுச் சுற்றக்கூட இந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை என்று நினைத்துவிடுவார்களே! கலைவாணியும் ஒன்றும் சொல்லவில்லை. மகளை சதீஷின் அம்மாவிடம் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்து ஏறினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பெட்டிக்கு முன்னால் ஒரு கொக்கிதான் தடுப்பு. ஓட்டுகிற ஆள் அதை மாட்டினார். மற்றப் பெட்டிகளில் ஊர்ப் பையன்கள் ஏறினார்கள். இன்ஜின் உறுமியது. சக்கரம் மெதுவாகக் கிளம்பியது.

முதல் சுற்றில் கையசைத்தோம். கீழே செல்போன்கள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. இரண்டாவது சுற்றில் காற்று வந்தது. கரும்புத் தோட்டங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வருவது மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதன் பின்னாலேயே மழை... வெள்ளைத் திரை மாதிரி. எங்கள் பெட்டி உச்சிக்குப் போகவும் இன்ஜின் இருமவும் சரியாக இருந்தது. இருமியது. நின்றுவிட்டது.

ராட்டினமும் நின்றது. உச்சியில் நாங்கள் இருவர்.

மழை முகத்தில் அறைந்தது. பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே அச்சாணியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எண்ணக்கூடாது, கேட்கக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடினேன். மூடினால் ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. திறந்தேன். கடல் பக்கம் மின்னியது. இந்த ஊரிலேயே உயரமான இரும்பு இப்போது எது? அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பது யார்?

கீழே ஓட்டுகிற ஆள் கத்துவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. இன்ஜின் கிளம்பவில்லை, பெல்ட்டும் நனைந்து வழுக்குகிறது, கையால்தான் சுற்ற வேண்டும், யாரும் இறங்காதீர்கள், இறங்கினால் பாரம் ஒரு பக்கமாகப் போய்விடும் என்று கத்துகிறார். பயந்த பிள்ளைகள் கேட்குமா? அடிப் பெட்டியில் இருந்த இரண்டு பையன்கள் குதித்து ஓடினார்கள். அடுத்த பெட்டியிலிருந்தும் ஒருவன் எட்டிக் குதித்தான்.

சக்கரம் பின்பக்கமாக உருண்டது.

கொஞ்ச தூரம்தான் என்று பிற்பாடு கணவர் சொன்னார். எனக்கு அது கொஞ்சமாகத் தெரியவில்லை. பெட்டி தலைகீழாகப் போகிறது என்றே நினைத்தேன். கீழே யார் யாரோ ஓடிவந்து இரும்புக் கம்பிகளில் தொங்கினார்கள். சக்கரம் குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் எங்கள் கொக்கி துள்ளிக் கழன்றது. முன்னால் தடுப்பே இல்லை. காலுக்கு அந்தப் பக்கம் வெறும் மழை.

அப்போதுதான் அந்தக் குழந்தை ஓடிவந்தது. சதீஷின் அம்மா கையிலிருந்து எப்படியோ நழுவிவிட்டது. "அம்மா... அம்மா..." என்று மேலே பார்த்துக்கொண்டே நேராக ராட்டினத்துக்கு அடியில் வந்து நின்றது.

கலைவாணி எழுந்துவிட்டார். "பாப்பா, போடி! அந்தாண்ட போடி!"

அவர் எழுந்ததும் பெட்டி முன்பக்கம் சாய்ந்தது. தடுப்பில்லாத பக்கம். நான் இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. என் மேலேயே வந்து விழுந்தார். கீழே சதீஷ் பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது.

அதற்கப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி, வாய்விட்டு. சிறப்பு விருந்தினர்!

கலைவாணியின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் கை வேலை செய்தது. என் தோளில் நனைந்து கிடந்த பொன்னாடையை உருவினார். கொக்கி இருந்த இடத்தில் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு இழுத்து முடிச்சுப் போட்டார். மிச்சத்தை எங்கள் இருவர் இடுப்பையும் சுற்றி இருக்கைக் கம்பியில் கட்டினார். வாழ்க்கையில் எத்தனையோ பொன்னாடை வாங்கியிருக்கிறேன். ஒன்றாவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

"கீழ பாக்காதீங்கக்கா. என்னப் பாருங்க" என்றார். மேடம் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை.

பார்த்தேன். அவர் கண்ணில் இருந்த பயம் என் பயத்தைவிடப் பெரியது. உங்களுக்கும் உயரம் என்றால் பயமா என்று உளறினேன்.

"எங்க வூட்டுக்காரர் விழுந்ததுலேர்ந்து ஒரு ஸ்டூல் மேலகூட ஏற முடியல. ஏறுனா அவர் விழுந்த சத்தம் கேக்குது. நான்தான் அன்னிக்கு சோறு எடுத்துக்கினு போனன். என் கண்ணு முன்னாலதான் விழுந்தாரு."

பின்னே ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றதுக்கா? நமக்காவத்தான எல்லாரும் இவ்ளோ பண்றாங்க. அவங்க ஏறுன்னா ஏறணும், உக்காருன்னா உக்காரணும். வேணாம்னு எந்த வாயால சொல்றது?"

மழையிலும் அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

இன்னொன்றும் சொன்னார். "நானும் விழுந்துட்டா அவர யாருக்கா பொரட்டிப் படுக்க வெப்பாங்க? அதான் பயம். வேற ஒண்ணும் இல்ல."

இறக்கிய விதத்தைச் சொல்கிறேன். ஓட்டுகிற ஆள் சொல்லச் சொல்ல, காலியான பெட்டிகளில் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். ஊர் ஆண்கள் இரு பக்கமும் நின்று கம்பிகளைப் பிடித்துப் பிடித்துச் சக்கரத்தைச் சாண் சாணாக நகர்த்தினார்கள். என் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர்! ஒவ்வொரு நகர்வுக்கும் பெட்டி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலைவாணியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. என் நகமும் அவர் கையில் இறங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் தழும்பு இருக்கிறது.

தரை தொட்டதும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நனைந்து இறுகிவிட்டது. கத்தியால் அறுத்தார்கள். கலைவாணி இறங்கி நாலடி நடந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஜனங்கள் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள்? மேடையில் மைக் வைத்திருந்தவர் விடவில்லை. தைரியமாக இறங்கி வந்திருக்கும் சகோதரி இப்போது இரண்டு வார்த்தை நன்றி சொல்வார் என்று அறிவித்தார்.

கலைவாணி தலையைத் தூக்கினார்.

"வேணாம்ணா. நான் எதுவும் பேசல. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

சத்தம் போடாமல்தான் சொன்னார். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. மைக் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. சதீஷ் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் காரில்தான் கலைவாணியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டோம். தவளக்குப்பம் ஜங்ஷன் டிராபிக்கில் நின்றபோது குழந்தை பசிக்கிறது என்றது.

சதீஷைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் கலைவாணி எதிரில் நின்று அழுதிருக்கிறார். இரண்டாம் நாள் விழா நடந்தது. ராட்டினம் ஓடவில்லை. அந்த நாற்காலியையும் போடவில்லை. பேனரையும் கழற்றிவிட்டார்கள். சொன்னால் நம்புவீர்களா? மீன் வறுவல் முதல் நாளைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டதாம்!

நான் யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்று. உதவி செய்கிற இடத்தில் எதிராளி 'வேண்டாம்' என்றால் நமக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது? பழைய புடவை கொடுக்கிறோம். இந்த நிறம் வேண்டாம் என்றால் 'திமிரைப் பார்' என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். உதவியை ஒரு கையால் கொடுத்துவிட்டு, அவர்களுடைய 'வேண்டாம்' என்ற சொல்லை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோமோ?

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது. கொத்தனாரை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். காலில் உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை. பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். கலைவாணிக்கு இன்னும் தூக்கத்தில் பெட்டி ஆடுகிறதாம். எனக்கும்தான் என்றேன். அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கும்.

இதைப் பற்றி எழுதட்டுமா, வேண்டாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கக்கா. பேரு வேணாம். பயந்தன்னு எழுதுங்க, பரவால்ல. அழுதன்னு மட்டும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை கலைவாணி... அழுதது நான்தானே?