கரி விலை இறங்கும் என்று சொன்னேன்

நாகூர்ப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டில் ஏஜெண்ட் வேலை பார்க்கிறேன். கப்பலில் வரும் இந்தோனேசியக் கரியைச் செங்கல் காளவாய்க்காரர்களுக்கு விற்றுக் கொடுப்பது என் பிழைப்பு. காலையில் போனுக்கு விலை நிலவரம் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, சீனாக்காரன் வாங்குகிறானா, டாலர் ஏறுகிறதா, கப்பல் வாடகை என்ன ஆச்சு என்று டீக்கடையில் நின்று அளப்பேன். நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

குத்தாலம் பக்கம் ஓர் அக்கா சின்னதாகக் காளவாய் போடுகிறார். புருஷன் இறந்த பிறகு தனியாளாக நடத்துகிறார். புரட்டாசி பிறந்ததும் போன் செய்தார்.

“தம்பி, இருபதாயிரம் பச்சைக்கல் அறுத்துக் காய வச்சிருக்கேன். ஒரு லோடு கரி அனுப்புறீங்களா? இத வித்துதான் பொண்ண நர்சிங் சேக்கணும்.”

கல்லை அடுக்கும்போதே வரிசைக்கு வரிசை கரித்தூள் தூவ வேண்டும். கரி வராமல் காளவாய் அடுக்க முடியாது. தீ வைக்கிற வரைக்கும் அந்தக் கல் வெறும் மண்தான்.

யார்டில் ஒரு லோடு இருந்தது. அதைப் பெரிய காளவாய் முதலாளி ஒருவருக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. கேட்கும்போது இல்லை என்றால் கோபித்துக்கொள்வாரே என்று நானாக வைத்திருந்தேன். “சரக்கு இல்லக்கா” என்றாவது சொல்லியிருக்கலாம். அக்கா வேறு இடத்தில் வாங்கியிருப்பார். வந்த வாடிக்கையை அப்படிக் கைவிடவும் மனசு வரவில்லை.

“அவசரப்படாதீங்கக்கா. வெல எறங்கிக்கிட்டிருக்கு. பத்து நாள் பொறுங்க, இன்னும் கொறையும்.”

“மழை வந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி.”

“அதெல்லாம் ஐப்பசிலதான்க்கா. நான் சொல்றேன்ல?”

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா அது! எட்டாம் நாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. இதில் கொடுமை, கரி விலையும் நான் சொன்னபடியே இறங்கியது. நிலவரத்தைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் அந்தப் பெரிய முதலாளியின் கூரை போட்ட காளவாய், இடையில் அவர் கேட்டு நான் அனுப்பிய அந்த லோடு கரியில் புகைந்துகொண்டிருந்தது. அக்காவின் களத்தில் தார்ப்பாய் கிழிந்து தொங்க, கல் முழுக்கக் கரைந்து கூழாகக் கிடந்தது. பக்கத்து ஊர்க் காளவாய்க்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

நன்றாகத் திட்டட்டும் என்றுதான் போனேன். அக்கா எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

“பொண்ணுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி. நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றவர், பக்கத்து ஊர்க்காரரிடம் திரும்பினார். “கையில சரக்க வச்சுக்கிட்டு எவனாவது இப்ப வாங்காதன்னு சொல்லுவானா? இந்தத் தம்பி சொன்னாரு. மழை பேஞ்சதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? நீங்களும் இனிமே இவருகிட்டயே கரி வாங்குங்க.”

உண்மை வாய் வரை வந்தது. டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

அந்த மனிதர் போனை எடுத்துக்கொண்டு என் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.