திமிங்கலம் பார்க்கப் போகிறவர்

படகு கரையை விட்டு நகர்ந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் வலது ஓரத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவார். அது மோட்டார் இருக்கும் இடம். புகை வரும், இரைச்சல் காதைப் பிளக்கும். திமிங்கலம் பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "முன்னாடி வாங்கக்கா, நல்லாத் தெரியும்" என்று படகுக்காரர் வருஷா வருஷம் கூப்பிடுவார். "இருக்கட்டும் தம்பி, இங்கதான் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டாங்க" என்பார்.

மற்ற நாளெல்லாம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். அங்கே எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா. கறை போகாவிட்டாலும் "அக்கா!", மெஷின் மக்கர் பண்ணினாலும் "அக்கா!" வீட்டுக்குப் போனால் "அம்மா, என் சாவி எங்க?", "ஏம்மா, என் கண்ணாடியப் பாத்தியா?" கண்ணாடி கணவரின் நெற்றியில்தான் இருக்கும். அதைச் சொல்வதற்கும் அக்கா வேண்டும்.

கணவர் நல்ல மனுஷர். ஆனால் எதுவும் வீணாவதைப் பொறுக்க மாட்டார். தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைத்த பிறகுதான் அவருக்கு மறுவேலை ஓடும். ஊர் சுற்றுவது அவர் அகராதியில் சுத்த வீண். தண்ணீரைக் கண்டால் தலைசுற்றல் வேறு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அக்கா வருஷம் ஒருமுறை லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கடலுக்குக் கிளம்புகிறார் என்றால், அது மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஒற்றை டிக்கெட்டின் புண்ணியம். படகுக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது ஒவ்வொருவரையும் "பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் டிக்கெட்டில் முத்திரை குத்தித் தருவார்கள். அடுத்த வருஷம் சும்மாவே வரலாம். அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் முத்திரைதான். "டிக்கெட்டு வீணாப் போயிடும், போயிட்டு வா" என்று கணவரே பையை எடுத்துக் கொடுப்பார்.

திமிங்கலத்தின் மேல் ஆசை இல்லாமலா? கொள்ளை ஆசை. ஈர விரிப்பை உதறும்போது அது காற்றில் முதுகு வளைத்து எழுந்து அடங்கும். அக்காவின் கை அப்படியே நின்றுவிடும். "இப்படித்தான் எந்திரிக்குமோ?" என்று பக்கத்து மேஜைக்காரியைக் கேட்பார். "நீங்கதானக்கா பாக்கப் போறீங்க, என்னைக் கேட்டா?" என்று அவள் சிரிப்பாள்.

ஆனால் பார்த்துவிட்டால் டிக்கெட் முடிந்தது. கடலும், யாரும் கூப்பிடாத அந்த ஒரு காலைப்பொழுதும் அதோடு சரி. பார்த்துவிட்டு இல்லையென்று சாதிக்கவும் அக்காவுக்கு வராது. பொய் சொன்னால் காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். இந்த வருஷம் கிளம்பும்போது கணவர் வேறு, "இந்தத் தடவையாவது பாத்து முடிச்சிட்டு வந்துடு. எத்தனை வருஷம் இதே பொழப்பு?" என்று சொல்லியிருந்தார். பாத்து முடிச்சிட்டு. அந்த வார்த்தை வழியெல்லாம் அக்காவின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

நடுக்கடலில் மோட்டாரை நிறுத்தினார்கள். அக்கா காலை நீட்டிக் கண் செருகிக் கிடந்தார். "அதோ! அதோ!" என்று ஒரு கூச்சல். கூட்டம் மொத்தமும் பின்பக்கம் பாய்ந்து வந்தது. அக்காவின் தலைக்கு மேலே கைகளும் போன்களும் நீண்டன. "அக்கா, உங்க பக்கந்தான்! இதோ, கிட்டத்துலயே!" என்று படகுக்காரர் கத்தினார்.

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை இறுகப் பொத்திக்கொண்டார். பெருமூச்சு ஒன்று கேட்டது. அவ்வளவு பெரிய மூச்சு அவ்வளவு நிதானமாக ஓய்வதை அவர் எங்கும் கேட்டதில்லை. உப்பும் மீனும் மணக்கும் சாரல் வந்து கையெல்லாம் நனைத்தது. விரலைச் சற்று விலக்கினால் போதும். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விலக்கவில்லை.

கரையில் இறங்கும் பலகையருகே படகுக்காரர் முத்திரைக் கட்டையோடு நின்றார்.

"பாத்தீங்களாக்கா?"

"கண்ணால பாக்கல தம்பி."

காது மடல் சிவக்கவில்லை. வலது கையால் டிக்கெட்டை நீட்டினார். இடது கையை மூக்கருகே தூக்கி, இன்னும் காயாத சட்டைக் கையை முகர்ந்துகொண்டே நின்றார்.