விசாவுக்கு இது போதும்

எங்கள் வீட்டு சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் செல்போனில் "இல்லை", "இல்லை", "இல்லை" என்று தட்டிக்கொண்டே போனார். சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, இருதய நோய் உண்டா, முன்பு ஏதாவது அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா. ஒரு கேள்வியையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காபி டம்ளரோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்ற எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. எதிரே இருந்த என் கணவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்தவர் என் மருமகனின் சித்தப்பா. சொந்த ஊர் தேவகோட்டை, தொழில் காரைக்குடியில் இன்சூரன்ஸ். சின்ன சம்பந்தி என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுவோம். அந்த மரியாதைக்காகத்தான் வேறு ஏஜென்டிடம் போகவில்லை. சம்பந்தி வீட்டில் ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கும்போது வெளி ஆளிடம் பாலிசி எடுத்தால் அது பேச்சாகிவிடும். எங்கள் பக்கத்தில் பேச்சாகிவிடும் என்பதற்குப் பயந்து செய்யாத முட்டாள்தனம் எதுவும் பாக்கி இல்லை.

"முடிஞ்சிருச்சு சம்பந்தியம்மா. பாலிசி வாட்ஸ்அப்புல வந்துரும்" என்று எழுந்தார். "விசாவுக்கு இது போதும்."

மகளுக்கு ஜெர்மனியில் தலைப்பிரசவம். அவள் இங்கே வர முடியாது என்பதால் நாங்கள் அங்கே போக வேண்டும். அந்த ஊர் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் மனுவையே வாங்க மாட்டார்கள். இவ்வளவு யூரோவுக்குக் குறையக் கூடாது, தங்கும் நாள் முழுக்க இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து செத்துப்போனால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு வரை அடங்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய நோய்க்கும் சேர்த்து எடுத்திருக்கிறாயா என்று அவர்கள் கேட்பதில்லை. அது அவர்கள் கவலை இல்லை. எனவே ஒரு பாலிசி விசாவுக்குப் போதும், ஆனால் ஆளுக்குப் போதாது.

என் கணவரின் இருதயக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது.

மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அவளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நெஞ்சு வலி என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, வார்டுக்குள் வந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நெஞ்சு வலின்னு யாருகிட்டயும் மூச்சு விடாதீக. அப்பனுக்கு வந்தது மகளுக்கும் வரும்னு சொல்லுவாக. ஒருத்தனும் பொண்ணு கேட்டு வர மாட்டான்."

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் கிடந்தார் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? அதற்கும் அவரே வழி சொன்னார். மூலம் என்று சொல்லுங்கள், யாரும் மேற்கொண்டு விவரம் கேட்க மாட்டார்கள் என்றார். இருதயத்தைவிட மூலம் கௌரவமான வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் கணவர் தலையாட்டினார். அக்கா சொன்னால் அவருக்கு வேத வாக்கு. அப்போது வெளியூரில் வேலையில் இருந்த மகளிடம்கூட மூலம் என்றுதான் சொல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் துத்தி இலையும் பிரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாத்திரை அட்டைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கல்யாணம் முடிந்த பிறகும் தேவகோட்டைக்கு விருந்துக்குப் போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா இவருக்கென்று கருணைக்கிழங்கு மசியல் செய்து வைத்திருப்பார். "மூலத்துக்கு நல்லது சம்பந்தி, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கங்க" என்பார். இவரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார். கருணைக்கிழங்கு இவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

சின்ன சம்பந்தியின் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் ஆரம்பித்தேன்.

"இருதய நோய்க்கு 'இல்லை'ன்னு போட்டாரே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக?"

"பாத்தேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

"அவரு யாரு? சம்பந்திக்குக் கூடப் பொறந்த தம்பி. அவருகிட்டச் சொல்றதும் சம்பந்திகிட்டச் சொல்றதும் ஒண்ணுதானே. இத்தனை வருஷம் கழிச்சுப் போய், நாங்க பொய் சொல்லிப் பொண்ணு குடுத்தோம்னு சொல்லச் சொல்றியா?"

"அங்குட்டுப் போயி விழுந்துட்டா?"

"விழ மாட்டேன். பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டு வந்துருவோம்."

பிள்ளையாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மனி ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவன் பிள்ளையார் கையெழுத்தை ஏற்றுக்கொள்வானா? பாலிசி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தேன். தெரிந்தே மறைத்த நோயால் எது வந்தாலும் நிறுவனம் ஒரு பைசா தராது என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு ஒரு வாரம் படுத்தால், என் மகளும் மருமகனும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் அதைக் கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பணத்துக்கு எங்கே போவது என்று யோசித்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், இவரையே பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலைல்ல, இப்ப மட்டும் என்ன ஆகப்போகுது? பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துராத" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்த அம்மாள் மீது எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

இரண்டு நாள் நான் இவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டேன், மாத்திரையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். இவரும் சமாதானத்துக்கு வரவில்லை. பெட்டியை எடை போட்டுப் பார்ப்பதும், ஸ்வெட்டரைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பதுமாக இருந்தார். பேத்தியா பேரனா என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாமே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். எனக்கு அந்த ஸ்வெட்டரைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பயணம் போகிறவர்களை வீட்டுக்கு வந்து பார்த்து, மருமகளுக்குக் கொடுத்துவிட வேண்டியதைக் கொடுத்து வழியனுப்புவது முறை. பிரசவ லேகியம், கருப்பட்டி, சீப்புச் சீடை என்று ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். சின்ன சம்பந்தியும் கூட வந்திருந்தார். எல்லோரும் குன்றக்குடிக்குப் போய்விட்டு வருகிறார்களாம், நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது.

சாப்பாட்டுக்கு இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சின்ன சம்பந்தி இவரைப் பார்த்து, "பாலிசி வந்துருச்சுல்ல? இனிமே கவலையே இல்ல சம்பந்தி, எது வந்தாலும் கம்பெனி பாத்துக்கும்" என்றார்.

எது வந்தாலும். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. கையில் இருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"பாத்துக்காது" என்றேன். "இவுகளுக்கு மூலமெல்லாம் கிடையாது. இருதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. பொண்ணு கல்யாணத்துக்காக எல்லாரும் சேந்து மறைச்சோம். நீங்க 'இல்லை'ன்னு போட்ட பாலிசி செல்லாது. இப்ப என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

இவர் தலை நிமிரவில்லை. இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். பெரிய சம்பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விடுவார், சம்பந்தியம்மா அழுவார், அதற்கெல்லாம் பதிலும் மனதுக்குள் வைத்திருந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார்.

"எங்களுக்குத் தெரியும் சம்பந்தியம்மா."

"என்ன தெரியும்?"

சின்ன சம்பந்தி தொண்டையைச் செருமினார். "இவுகளை மதுரையில சேத்திருந்தப்ப நான் ஒரு கிளெய்ம் விஷயமா அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இருதய வார்டுல இருந்து இவுகளை வெளிய கூட்டிக்கிட்டு வந்தாக, பாத்தேன். அப்புறம் ஜாதகத்தோட வந்த குடும்பப் போட்டோவுல இவுகளைப் பாத்ததும் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்."

பெரிய சம்பந்தி இலையைப் பார்த்தபடியே சொன்னார். "பொண்ணு நல்ல பொண்ணு. எங்களுக்கு அது போதும். அவுகளாச் சொல்ற வரைக்கும் நாம கேட்டு அவுக மனசைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சேன்."

"மசியல்ல உப்பும் எண்ணெயும் கம்மியாத்தானே போட்டேன்" என்றார் சம்பந்தியம்மா.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகிப்போயிருப்பாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சின்ன சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப நீங்க தெரிஞ்சுக்கிட்டேதான் 'இல்லை'ன்னு போட்டீகளா?"

"உங்க வீட்டு சோபாவுல உக்காந்துக்கிட்டு, இருதய நோய் உண்டான்னு நான் எப்படிக் கேக்க முடியும்? கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம். உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் இல்லைன்னு போட்டேன். விசா கெடச்சாப் போதும்னு நெனச்சேன்."

ஒரு மனிதரின் உயிரை வைத்து இரண்டு வீட்டாரும் மரியாதை கொண்டாடியிருக்கிறோம். அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை, நடுவில் இவர் கருணைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். இந்த மரியாதையை எடுத்து அடுப்பில் போட வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அந்தப் பாலிசியை ரத்து செய்யச் சொன்னேன். சின்ன சம்பந்தி முகம் சுருங்கிப் போனார். சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரசம் யாருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் இவரை இழுத்துக்கொண்டு காரைக்குடியில் செக்காலைப் பக்கம் வேறொரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம், "இப்படிப் போட்டு உடைச்சிட்டியே" என்று முனகினார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று தெரிந்த பிறகும் அவருக்கு மானம் போனதுதான் கவலை.

அங்கே இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். விவரத்தைச் சொன்னாள். பழைய நோயைச் சொல்லிவிட்டால், அதனால் உயிருக்கு ஆபத்து என்கிற அவசர நிலை வரும்போது ஒரு வரம்பு வரைக்கும் தருகிற பாலிசி இருக்கிறது. கூடுதலாகக் கட்ட வேண்டும், டாக்டரின் ரிப்போர்ட் வேண்டும், அதைப் பார்த்துவிட்டு நிறுவனம் வேண்டாம் என்றும் சொல்லலாம். இவ்வளவுதான் விஷயம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை நாள் நான் தொண்டை வறளக் கத்தியிருக்க வேண்டாம்.

"என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். இவர் வாயாலேயே சொல்லட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

"இருதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. சொன்னதும் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அந்தப் பெண் கணினியில் அடித்துக்கொண்டே, "வேற ஏதாவது இருக்கா சார்? இப்ப ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டாள். வழக்கமான கேள்விதான். இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம் என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"மாடிப்படி ஏறுனா நெஞ்சு இறுக்குது" என்றார். "இடது கையில வலி இருக்கு. உக்காந்தாச் சரியாப் போயிரும்."

அந்தப் பெண் அடிப்பதை நிறுத்தினாள். "எப்ப இருந்து சார்?"

"சித்திரையில இருந்து."

அப்போது ஆடி பிறந்திருந்தது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே படியில்தான் ஏறுகிறோம். பாதிப் படியில் நின்று இவர் செல்போனைப் பார்ப்பது வழக்கம். அதற்கும் நான் திட்டியிருக்கிறேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ டிக்கெட்டை ரத்துப் பண்ணிருவே" என்றார். "பிள்ளையப் பாத்துட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"வந்து சொல்றதுக்கு நீங்க இருக்கணும்ல?"

இதைக் கத்தித்தான் சொன்னேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பெண் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்ஸிக்குப் போன் செய்தாள்.

மதுரைக்குப் போகும் காரில் ஏறி உட்கார்ந்ததும், "கோவப்படாத" என்றார். பட்டேன். அக்காவைத் திட்டினேன், சம்பந்தியைத் திட்டினேன், இவரைத் திட்டினேன். வாய் ஓயவே இல்லை. திருப்பத்தூர் தாண்டும்போது, "மகளுக்கு என்ன சொல்லப் போறே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நெஞ்சு வலின்னு சொல்லுவேன்" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் திட்ட ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வரும் வரைக்கும் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். அவர் கையை மட்டும் விடவில்லை.