நஞ்சுண்டக் கவுண்டர் பத்திரமாக வந்து சேர்ந்தார்

சிங்காநல்லூர் நஞ்சுண்டக் கவுண்டரைப் போல உயிரைப் பொத்திப் பொத்திக் காத்த மனிதரைக் கோயமுத்தூர் ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது. எல்லோருடைய உயிரையும் அல்ல, தம்முடைய உயிரைச் சொல்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் இறங்கமாட்டார். கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பண்ணையாள் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். பக்கத்துக் காட்டு வெங்கடபதி நாயுடு மில் பங்கு வாங்கிக் காரும் வாங்கிவிட்டதுதான் காரணம். கவுண்டருக்குக் கார் வாங்க மனசு வரவில்லை; சும்மா இருக்கவும் மனசு வரவில்லை.

வண்டியை வாங்கியது ஒரே நாளில். அதில் ஏறும்போது போட்டுக்கொள்ள வேண்டியவற்றை வாங்க ஒரு மாதம் ஆயிற்று. ஒப்பணக்காரத் தெருவில் சீனிவாசலு என்பவர் மில் சாமான்களோடு இந்த மாதிரிச் சீமைச் சரக்கும் வைத்திருந்தார். கவுண்டர் அங்கே தினமும் போய் உட்கார்ந்தார். காதை மூடுகிற தோல் தொப்பி, கண்ணைச் சுற்றிக் கவ்வுகிற கண்ணாடி, முழங்கை வரை ஏறும் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், எருமைத் தோலில் கனமான கோட்டு. ஒவ்வொன்றையும் முகர்ந்தார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தொப்பி தாங்குமா என்று சோதிக்க வேண்டுமே. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பண்ணையாளைக் கூப்பிட்டுத் தடியால் ஒரு போடு போடச் சொன்னார். கூலி கொடுக்கிற பண்ணாடி தலையில் எவன் அடிப்பான்? அவன் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல ஒரு தட்டுத் தட்டினான். "பாத்தியா, ஒண்ணுமே தெரியலை" என்று கவுண்டர் திருப்தியோடு தொப்பியைக் கழற்றினார்.

கடைசி நாள் சாமான்களைக் கட்டிக் கொடுக்கும்போது சீனிவாசலு ஒரு விஷயத்தை மெல்ல எடுத்தார்.

"ஏனுங்க, பின்னால அம்மா உக்காருவாங்களா?"

"எப்பவாச்சும் உக்காருவா."

"அப்படீன்னா சேலை சக்கரத்துல சிக்காம இருக்க ஒரு வலை இருக்குதுங்க. புடிச்சுக்கறதுக்குத் தோல் வாரும் ஒண்ணு இருக்குதுங்க. பாக்கறீங்களா?"

"பொம்பளையை வாருல கட்டிக் கூட்டிட்டுப் போனா ஊருல என்னங்க பேசுவாங்க? முன்னால நான் இருக்கேன். எது வந்தாலும் என்மேல பட்டுத்தானே அவமேல படோணும்? அவளுக்கு நாந்தான் கவசம்."

சீனிவாசலு வியாபாரி. வாங்குகிறவரிடம் எதற்கு வம்பு என்று மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

கவுண்டரின் மனைவி சாமியாத்தாள். வெள்ளகோவில் பக்கம் பிறந்தவள். தாய் இறந்தபின் தம்பி சென்னிமலையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தத் தம்பிக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம் வைத்தார்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் மணையில் உட்கார்ந்து செய்கிற சீர். கல்யாணத்தில் தாலிக்கு அடுத்தபடி அதைத்தான் சொல்ல வேண்டும். சென்னிமலைக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். அந்த மணையில் உட்காரத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்று சாமியாத்தாள் அண்டை அயலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்கூட்டியே கட்டை வண்டியில் போய்விடுகிறேன் என்றுதான் அவள் கேட்டாள். கவுண்டர் விடவில்லை.

"ஊட்டுல மோட்டார் சைக்கிளை வெச்சுட்டு மாட்டு வண்டியில போவாளா ஒருத்தி? சீர் அன்னைக்கு வெடியால பொறப்பட்டாப் போதும். பறந்துட்டுப் போயிரலாம்."

அப்படித்தான் புறப்பட்டார்கள். கவுண்டர் தலையிலிருந்து கால்வரை தோலுக்குள் இருந்தார். சாமியாத்தாள் கூரைச் சேலையில் இருந்தாள். நடுரோட்டில் புருஷன் இடுப்பைப் பிடிப்பது குடும்பப் பெண்ணுக்கு அழகா? ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் இருக்கைக்கு அடியில் இருந்த இரும்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் தம்பிக்கு எடுத்த பட்டு வேட்டி மூட்டை. சூலூர் தாண்டியது, பல்லடம் தாண்டியது, காங்கேயமும் தாண்டியது. அதற்கப்புறம் ஒரு பாலத்து மேட்டில் வண்டி துள்ளியது. கவுண்டர் வண்டியோடு இறங்கினார். சாமியாத்தாள் தனியாக இறங்கினாள்.

முழங்கையும் முழங்காலும் தோலுரிந்து போயின. ஆனாலும் மூட்டையை விடவில்லை. செம்மண்ணில் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். கவுண்டரின் காதில் தோல் இருந்தது. மறுபடியும், "ஏனுங்க, ஏனுங்க" என்றாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் ஓடி வந்தாள்.

"அம்மணி, பேரைச் சொல்லிச் சத்தம் போடுங்க. அப்பத்தான் திரும்புவாரு."

"அவிய பேரை நான் எப்படிங்க சொல்லறது?"

நடுரோட்டில் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தபோதும் அவள் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. இதைப் பதிவிரதை லட்சணம் என்று பிற்பாடு பலர் மெச்சினார்கள். எனக்குக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டுதான் வரும்.

கவுண்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகவில்லை. வண்டி திடீரென்று லேசாக ஓடுவதைக் கவனித்தார். புது எண்ணெய் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் இருப்பவளிடம் இரண்டு மூன்று பேச்சுப் பேசினார். பதில் வரவில்லை. பதில் பேசாத மனைவியைக் கண்டு எந்தப் புருஷன் சந்தேகப்பட்டான்?

கல்யாண வீட்டில் அவரைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். கையுறையை மாட்டிப் பார்த்தார்கள். கவுண்டர் ஒவ்வொரு வாராகக் கழற்றிக்கொண்டே, எது எதிலிருந்து காப்பாற்றும் என்று விளக்கினார். மணக்கோலத்தில் இருந்த சென்னிமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா எங்கீங்க மச்சான்?"

"பின்னாலதான் இருக்கறா" என்று கவுண்டர் திரும்பினார். இருக்கையில் தூசிதான் இருந்தது.

கூட்டம் கலவரப்பட்டது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று நாலு பேர் ஓடி வந்து கவுண்டரைத்தான் தடவிப் பார்த்தார்கள். சீர் நடத்தும் அருமைக்காரர், நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். "அக்கா வராம நான் மணையில உக்கார மாட்டேனுங்க" என்றான் சென்னிமலை. கவுண்டரைப் பார்த்து, "மச்சான், வெரசாப் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று கும்பிட்டான்.

கவுண்டர் உடனே கிளம்பினார். உடனே என்றால், முதலில் பூட்ஸ். அதற்கு ஏகப்பட்ட கொக்கிகள். அப்புறம் கோட்டு, அப்புறம் கையுறை, அப்புறம் கண்ணாடி. அவசரத்தில் தொப்பியை உள்வெளியாக மாட்டிக்கொண்டு, கழற்றி, மறுபடியும் மாட்டினார். "அப்படியே போங்க மச்சான்" என்று சென்னிமலை கெஞ்சினான். "அவசரத்துலதானப்பா ஆபத்து வரும்" என்றார் கவுண்டர். வேட்டியோடும் வெறுந்தலையோடும் ஓடியிருந்தால் நேரத்துக்கு அழைத்து வந்திருப்பார் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

அவர் வெளியே வந்த நேரத்தில் அருமைக்காரர் கையை விரித்துவிட்டார். பெரியவர்கள் சென்னிமலையின் தோளை அழுத்தி மணையில் உட்கார வைத்தார்கள். சித்தப்பா மகளைப் பக்கத்தில் உட்கார்த்திச் சீரை முடித்தார்கள்.

கவுண்டர் ஊர் எல்லையைத் தாண்டும்போது எதிரே தேங்காய் ஏற்றிய வண்டி வந்தது. மேலே சாமியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவர் வண்டியைத் திருப்பிப் பின்னாலேயே வந்தார். பந்தல் வாசலில் சாமியாத்தாள் இறங்கியபோது உள்ளே மங்கல வாழ்த்து முடிந்து, பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். தம்பிக்குப் பக்கத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கிழிந்த கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கவுண்டருக்கும் மனசு கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அழுவாத புள்ளே. நாளைக்கே சீனிவாசலு கடைக்குப் போய் உனக்கும் ஒரு தொப்பி வாங்கிப்போடறேன்."

"தொப்பி வேண்டாமுங்க. வழியில ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா எனக்கு அது போதுமுங்க."

கவுண்டர் இதை யோசித்தார். மனிதர் உண்மையிலேயே யோசித்தார்.

"ஓட்டறப்பத் திரும்பிப் பாக்கப்படாது புள்ளே" என்றார். "ஆபத்து."

சாமியாத்தாள் மூட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டு, பட்டு வேட்டியைத் தம்பியிடம் கொடுக்கப் பந்தலுக்குள் போனாள்.