புது மோட்டார்

எங்கள் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், அடுத்த நிமிடம் அதைக் கழற்றிப் பரப்பிவிடுவாள். கொண்டையில் எந்நேரமும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். வீட்டு முன்னறையில் ரோபோ வகுப்பு ஆரம்பித்ததும் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஸ்க்ரூ டீச்சர்'. அதில் அவளுக்குப் பெருமை வேறு, என்னத்தைச் சொல்ல!

பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் ஒரு பிள்ளை கம்பியைத் தப்பாகச் செருகினால் அவளுக்குப் பொறுக்காது. வாங்கித் தானே செருகிவிடுவாள்.

"அப்புறம் அதுங்க எப்படிக்கா கத்துக்கும்?"

"உனக்கு என்னடி தெரியும்?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

லாரி டிரைவரின் மகள் மட்டும் எதையும் கொடுக்கமாட்டாள். "நானே பாத்துக்கறேன் டீச்சர்" என்பாள். அவளுடைய குட்டி வண்டியில் இடது சக்கரத்து மோட்டார் மந்தம். வண்டி இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அவள் விடவில்லை. கம்ப்யூட்டரில் வலது சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வண்டியை நேராக ஓட வைத்துவிட்டாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது. "தேறுவாளான்னு பாத்துட்டுத்தான் டீச்சர், வகுப்புக்குத் தொடர்ந்து அனுப்பறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்" என்று டிரைவர் போனில் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வருமுன் அந்த வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். மந்தமான மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். ஓட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை, தன் கைமேல்.

மேசைமேல் வண்டி கிளம்பியது. இடது சக்கரம் முழு வேகம். வலது சக்கரம் சிறுமி குறைத்து வைத்த வேகம். சரேலென்று வலப்பக்கம் வளைந்து, தரையில் விழுந்து சிதறியது. சிறுமியின் முகம் செத்துவிட்டது.

கம்ப்யூட்டர் திரையில் இருந்த வேக எண்களைப் பார்த்ததும் அக்காவுக்கு விளங்கியது. "தப்பு என்னோடது சார்! நான்தான் மோட்டார மாத்திட்டேன்."

"அவ மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. பரவாயில்ல டீச்சர், அவளுக்கு இது வரல" என்று டிரைவர் எழுந்துவிட்டார்.

சிறுமி சக்கரங்களைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். "சொல்லியிருந்தா நம்பர மாத்தியிருப்பேனே டீச்சர்" என்றாள்.

அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு திரும்பச் சேர்த்த வண்டியையும் பழைய மோட்டாரையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனாள். கூட நானும் போனேன். பழைய மோட்டாரை மாட்டியதும் வண்டி கூடத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. மந்த மோட்டாருக்கு ஏற்பச் சிறுமி வேகத்தைக் குறைத்து வைத்ததை அக்கா டிரைவருக்கு விளக்கினாள்.

"அட, என் பொண்ணா இத செஞ்சா! நாளையிலேருந்து போம்மா, நானே கொண்டுபோய் விடறேன்."

சிறுமி வண்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"வேணாம்பா. அங்க டீச்சரே எல்லாத்தையும் செஞ்சிடுவாங்க."