முதல் தலையும் இரண்டாம் தலையும்

அன்னலட்சுமியைப் பொறுத்தவரையில் தீர்ப்பு என்பது ஒருவர் முதலில் சொல்லிப் பார்க்கிற அபிப்பிராயம், அவ்வளவுதான். இலங்கைத்துறைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாத்தியார் அடித்தால் தலைமை வாத்தியாரிடம் போவாள். அவரும் அடித்தால் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பரிசோதகர் வரும்வரை பொறுத்திருந்து அவரிடம் சொல்லுவாள். இராசையாவைக் கட்டக்கூடாது என்று தகப்பன் சொன்னபோது தாய்மாமனிடம் போய் அதையும் மாற்றுவித்தாள். அந்த ஒரு தீர்ப்பைத்தான் பிறகு மேலே கொண்டுபோக ஏலாமல் போய்விட்டது என்று இராசையாவை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள். இராசையாவும் சிரிப்பார். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற மனிதர். சண்டை என்று கண்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றத் தெருவால் போய்விடுவார்.

திருகோணமலைப் பட்டினத்தில் குடியேறின கையோடு பக்கத்து வீட்டுக் கனகம்மாவுடன் கிணற்று வழக்கு வந்தது. எல்லையில் கிடந்த கிணறு முழுக்கத் தன்னுடையது என்று கனகம்மா வேலி போட்டாள். இங்கே உள்ள கோர்ட்டும் அப்படியே சொன்னது. "விட்டிட்டு வேறை கிணறு வெட்டுங்கோ" என்றார் பிறக்கிராசி குலசிங்கம், அன்னலட்சுமிக்காக வழக்குப் பேசியவர். அவள் விடவில்லை. கொழும்பு உயர் நீதிமன்றம் வழக்கைக் கேட்டு, கிணற்றில் பாதி அவளுக்கு என்றது. அன்றைக்கே கிணற்றில் இரண்டாவது கப்பி ஏறியது. அதன்பிறகு இரண்டு பெண்களும் ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே தண்ணீரை அள்ளினார்கள். கொழும்பில் நீதி இருக்கிறது என்று அன்னலட்சுமி நம்பத் தொடங்கியது அப்போதுதான். நம்பிக்கை வந்தால் அவளைப் பிடிக்க ஏலாது.

அறுபதுகளில் அவள் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியின் கன்டீனில் சமைத்தாள். அந்தக் குசினியில் ஒரு வழக்கம் இருந்தது: மீன் கம்பனிக்கு, தலை சமைக்கிறவருக்கு. அதை உண்டாக்கியவர் முந்தி இருந்த வெள்ளைக்கார மனேச்சர். ஒருநாள் பாரை மீன் தலை ஒன்று சாப்பாட்டுக் கோப்பைக்குள் இருந்து அவரை விழித்துப் பார்த்ததில் மனிதர் கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினார். கண்ணுள்ள சாமான் இனி மேசைக்கு வரக்கூடாது, கொண்டு போ என்றார். கொண்டு போனாள். வருஷக்கணக்காகக் கொண்டு போனாள். வாசல் காவலாளி சரீப் அவளுடைய பன்பையை, புல்லால் இழைத்த அந்தப் பையை, திறந்து பார்த்ததே இல்லை. என்ன மீன் என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

பிறகு கொழும்பிலிருந்து புது மனேச்சர் வந்தார். இவர் மீன் தலை என்றால் உயிரை விடுகிறவர். வந்த கிழமையே தலை எங்கே என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னார்கள். "எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று பாய்ந்தார். அன்று மாலை அவரே வாசலில் நின்று அன்னலட்சுமியின் பன்பையை வாங்கித் திறந்தார். தலை அவரை விழித்துப் பார்த்தது. அவருக்குப் பயம் வரவில்லை, வாய்தான் ஊறியது. பொலிசுக்குப் போனார். சான்றுப் பொருளைத் தன் வீட்டு ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். விசாரணை நாளில் அது பழுதாகிப் போய்விட்டது, எறிந்துவிட்டேன் என்றார்.

"முள்ளையாவது கொண்டு வந்திருக்கலாம்" என்றாள் அன்னலட்சுமி, கூண்டில் நின்றபடி. கோர்ட் சிரித்தது.

நீதவான் நல்ல மனிதர். தவறுதான், ஆனால் ஒரு தலைதானே என்று இரங்கி, பிள்ளைகள் கச்சான்கடலை வாங்கித் தின்னக் காணுமான ஓர் அபராதத்தை விதித்தார். "கட்டிவிட்டுப் போங்கள், அம்மா" என்று தயவாகச் சொன்னார். மனேச்சர் அதே மத்தியானம் அவளைக் குற்றவாளி என்று வேலையால் நிற்பாட்டினார்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். கல்யாண வீடுகளில் சாமான் அறைத் திறப்புக் கொத்து எப்போதும் அன்னலட்சுமியின் இடுப்பில்தான் இருக்கும். அரிசியும் நெய்யும் அவள் அளந்து கொடுத்தால்தான் வெளியே வரும். இந்த முறை வீட்டுக்காரர் அவளைப் பாராமல் திறப்பைக் கனகம்மாவிடம் கொடுத்தார்கள். கனகம்மா அதைத் தேவையில்லாமல் கிலுக்கிக்கொண்டு திரிந்தாள். அன்னலட்சுமி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுததை இராசையா அதற்கு முதல் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்று தேத்தண்ணி வேணுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் அவள் குலசிங்கத்தாரின் கந்தோரில் நின்றாள்.

"அப்பீல் போடுங்கோ."

"ஏலாது. இவ்வளவு சின்னத் தண்டனைக்கு அப்பீல் இல்லை. பெரிசாகக் கிடைச்சிருந்தால் கொண்டு போயிருக்கலாம்."

"அப்ப கூட்டித் தரச்சொல்லிக் கேளுங்கோ."

குலசிங்கத்தார் மூக்குப்பொடி டப்பியை மூடினார். "என்ர தண்டனையைக் கூட்டுங்கோ எண்டு கேக்கிறதுக்குச் சட்டத்தில வழி இல்லை, பிள்ளை."

"வேறை வழி இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

அடுத்து மீன் வந்த நாளில் அன்னலட்சுமி நல்ல சேலை உடுத்து, பூ வைத்து, கன்டீன் குசினிக்குள் பின்பக்கத்தால் நுழைந்தாள். புதுச் சமையற்காரன் வாயைத் திறக்குமுன் பலகையில் இருந்த பாரைத் தலையை ஒரு தட்டத்தில் எடுத்து வைத்தாள். பையும் இல்லை, கடதாசியும் இல்லை. உள்ளங்கையில் தட்டத்தை ஏந்திக்கொண்டு, மூட்டை சுமக்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, முன் வாசலுக்கு வந்தாள்.

"சரீப் தம்பி, நான் தலை கொண்டு போறன். ஓடிப்போய் மனேச்சரிட்டச் சொல்லுங்கோ."

சரீப் கடலைப் பார்த்தார். "நான் ஒண்டும் காணல்ல, அக்கா."

"காணுங்கோ!"

"எனக்குக் கண் கொஞ்சம் சரியில்ல, அக்கா. நீங்க போங்க."

நட்பு என்றால் இப்படி ஒரு இடைஞ்சல். வேறு வழியில்லாமல் அவளே தட்டத்தோடு பொலிசுக்கு நடந்து போனாள். வழியில் மூன்று பூனைகள் பின்னால் வந்தன. அவற்றையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அதே நீதவான். "போன முறை இரங்கினேன்" என்றார், உண்மையாகவே மனம் நொந்து. "இந்த முறை இரங்க மாட்டேன்." நல்ல கனமான அபராதம் விழுந்தது. அன்னலட்சுமி கும்பிட்டாள். "பெரிய உபகாரம், ஐயா" என்று சொல்லிவிட்டுக் குலசிங்கத்தாரிடம் திரும்பி, "அப்பீலுக்கு இது காணுமோ?" என்று கேட்டாள். நீதவானின் காதிலும் விழுகிறமாதிரித்தான் கேட்டாள். நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார்.

அப்பீல் போனது. ஆனால் குலசிங்கத்தார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தலை சமைக்கிற ஆளுக்கு எண்டதுதான் வழக்கம். ரெண்டாந்தரம் எடுக்கேக்கை நீ சமைக்கிற ஆள் இல்லையே! வேலையால நிப்பாட்டினது பிழையெண்டால் நீ இன்னும் சமைக்கிற ஆள், தலை உனக்கு. சரியெண்டால் நீ கள்ளி. வேலை விசயத்தைச் சொல்ல வேண்டியது தொழில் நீதிமன்றம். அவையளிட்டப் போனால், நீ கள்ளியோ இல்லையோ எண்டு மற்றக் கோர்ட் முதல் சொல்லட்டும் எண்டு சொல்லினம். முதல் தலையோட நிண்டிருக்கலாமே!"

"முதல் தலைக்கு அப்பீல் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள் அவள். அவருக்கே இப்போது வழக்கில் ருசி பிடித்துவிட்டது. காசு கேட்பதை மறந்துபோனார். தொழில் நீதிமன்றம் அவளுக்கு எதிராகச் சொன்னதும் அதையும் மேலே அனுப்பினார். இரண்டும் கொழும்பில் ஒன்றாக வந்து நின்றன.

கொழும்பு நீதியரசர் நேர் கேள்வி கேட்கிறவர். களவெடுக்கிறவள் பூ வைத்துக்கொண்டு போய் எடுப்பாளா, எடுத்த சாமானைத் தானே பொலிசுக்குச் சுமப்பாளா என்று எதிர்த்தரப்பில் வழக்காட வந்த அப்புக்காத்தைக் கேட்டார். அப்புக்காத்து இருமினார். தன்னுடையது என்று மெய்யாகவே நம்பி, ஊரறிய எடுத்தது களவு ஆகாது என்று அபராதத்தைத் தள்ளினார் நீதியரசர். வருஷக்கணக்காகக் கம்பனி பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கத்தை, நிறுத்துகிறோம் என்று ஒரு சொல் சொல்லாமல் குற்றமாக்கி வேலையைப் பறித்ததும் பிழை, திருப்பிக் கொடுங்கள் என்றார். குலசிங்கத்தார் அனுப்பிய அப்புக்காத்து அந்தச் சூட்டோடு முதல் தலையைப் பற்றியும் வாயெடுத்தார்.

"அந்தத் தலை என் முன்னால் இல்லை" என்றார் நீதியரசர்.

அன்னலட்சுமி குசினிக்குத் திரும்பினாள். சரீப் வாசலில் எழும்பி நின்று சலாம் போட்டார். மனேச்சர் அவளைக் கண்டால் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆனால் கிணற்றடியில் கனகம்மா விடுகிற ஆளா? ஊரில் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று குலசிங்கத்தார், மற்றது வழக்கில் தோற்ற கனகம்மா.

"ரெண்டாந் தலைக்குத்தானே விடுதலை?" என்று அவள் வாளியைப் பார்த்துச் சொன்னாள். "முதல் தலைக்குக் கள்ளி கள்ளிதான்."

அது உண்மை. அதுதான் அன்னலட்சுமியைச் சுட்டது. கல்யாண வீடுகளில் அவளுக்குப் பாயும் வெற்றிலையும் கிடைத்தன, திறப்புக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த நீதவான் இரங்காமல் இருந்திருந்தால் முதல் தலைக்கே நீதி கிடைத்திருக்கும் என்று இரவும் பகலும் பொருமினாள்.

கம்பனி புது இறங்குதுறை திறந்தபோது பட்டினத்துப் பெரிய மனிதர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வைத்தது. அந்த நீதவானும் வந்திருந்தார். பக்கத்தில் மனேச்சர். சோறும் பாரைக் கறியும் சொதியும் பரிமாறின பிறகு அன்னலட்சுமி ஒரு தனிக் கோப்பையோடு வந்தாள். அதற்குள் ஒரு முழுத் தலை, புளியும் மிளகும் போட்டு வற்றக் காய்ச்சியது. மனேச்சர் தன்னை அறியாமல் கோப்பையை நீட்டினார். அவள் அவரைக் கடந்து போய் நீதவானின் முன்னால் நின்றாள்.

"ஐயா, மற்றதெல்லாம் கம்பனிச் சாப்பாடு. இது என்ர பங்கு. நான் உங்களுக்குத் தாறன். வேண்டாமெண்டால் வீட்டை கொண்டு போறன்."

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேனை நின்ற நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. "நான் இதைத் தின்றால், இது உங்களுடையதுதான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே, அம்மா?"

"ஓம், ஐயா."

"தின்னாவிட்டால்?"

"ஆறிப்போகும்." அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "நீங்கள் அண்டைக்கு நல்ல மனசோடதான் இரங்கினியள். ஆனால் இரக்கத்துக்கு எதிரா அப்பீல் போட ஏலாது, ஐயா."

மூட்டை சுமக்கிறவர்கள் யன்னலடியில் நின்றார்கள், இராசையாவும் அவர்களுக்குள் நின்றார். நீதவான் சட்டைக் கையை மடித்து, கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். கன்னத்துச் சதையை உரித்தார், கண்ணைச் சூப்பினார், முள்ளை ஒன்றொன்றாக ஓரத்தில் வைத்தார். சாவகாசமாக, எல்லாரும் பார்க்கத் தின்றார். மனேச்சர் சொதியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக் கை கழுவும்போது நீதவான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "உங்களுடைய தலை நல்ல ருசி, அம்மா."

செய்தி அவளுக்கு முதலே கிணற்றடிக்கு வந்துவிட்டது. மூட்டை சுமக்கிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? அவள் வாளியைப் போட்டபோது கனகம்மாவின் கப்பி கிறீச்சிட்டு நின்றது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கனகம்மா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஆவணியில என்ர மகளுக்குக் கல்யாணம்" என்றாள். "சாமான் அறைத் திறப்பை முதல் நாளே வந்து வாங்கு. கல்யாணச் சமையல்ல மீன் இல்லை, அந்தத் தைரியத்திலதான் தாறன்."

அன்னலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"கல்யாணம் முடிஞ்சு நாலாஞ் சடங்குக்கு மீன் காய்ச்சுவியள்தானே, கனகக்கா? தலை ஆருக்கெண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

"உனக்குத்தான் எடியே" என்றாள் கனகம்மா. "இதுக்கும் கொழும்புக்குப் போகாதை."